ஞானம்மா சொல்லாத சொல்

ஆனி மாதம் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணி. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. கடல்காற்று இன்னும் திரும்பவில்லை. மேற்கே இருந்து அடித்த அனல்காற்றில் பட்டறையின் தகரக் கூரை சடசடத்துக்கொண்டிருந்தது.

வருஷத்தை மட்டும் கேட்காதீர்கள். அறுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் இதே பத்திரிகையில் ஒரு வருஷத்தைத் தப்பாகக் குறிப்பிட்டு எழுதிவிட்டு நான் பட்ட பாடு போதும். மூன்று பேர் கார்டு போட்டார்கள், ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்த காலம். என் மேசைக்கு எதிரே, போல்ட்டுப் பெட்டியின் மேல் உட்கார்ந்து சவரிமுத்து டீ குடித்துக்கொண்டிருந்தான். ராயபுரத்தில் எங்கள் சந்தில் அடுத்த வீட்டுக்காரன். ஹார்பரில் மூட்டை தூக்கும் கேங்கில் வேலை. அன்று காலை அவன் மகளுக்குக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் இடம் கேட்கப் போயிருந்தோம். தலைமைச் சகோதரியிடம் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேச நான் துணை. இடம் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவன் இரண்டாவது டீ சொல்லியிருந்தான்.

அப்போது காக்கிச் சட்டை போட்ட ஒரு பியூன் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே வந்தான்.

“இங்க கணக்கு சார் யாரு?”

“நான்தான்.”

“ராயபுரத்துல வூடு பூட்டிக் கீது சார். பக்கத்துல உங்கள சொன்னாங்க. சவரிமுத்துன்னு ஒரு ஆளு, நம்ம காண்ட்ராக்ட்ல கேங்கு ஆளு. காலைல மேலேர்ந்து மூட்டை விய்ந்து பூட்டான். பாடி ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சு. நாளைக் காலைல யார்னா வந்து ஆள அடையாளம் சொல்லி கையெய்த்துப் போட்டாதான் தருவாங்க. அவன் சம்சாரத்தாண்ட நீங்கதான் சொல்லணும்.”

சவரிமுத்து டீ கிளாஸை வாயிலிருந்து எடுக்கவில்லை. குடிக்கவும் இல்லை.

பியூன் அவனைப் பார்த்தான். “ஒறவா?”

“ஆமா,” என்றான் சவரிமுத்து.

டீ வேளைக்குள் அறுபத்திரண்டு

இங்கே சற்று நிற்கிறேன். இதை ஒரே மூச்சில் சொல்ல என்னால் இன்றைக்கும் முடியாது.

பாடி என்ற அந்தச் சொல்லைப் பட்டறையில் நாள் முழுக்கக் கேட்பேன். வேலை குறைவாக இருந்த ஒரு நாள் எண்ணியே பார்த்தேன். காலை டீ வேளைக்குள் அறுபத்திரண்டு தரம். ‘பாடி எப்ப சார் ஏறும்?’ ‘பாடி எடது பக்கம் சாயுது.’ ‘வேங்கையில பாடி போட்டா பத்து வருசம் தாங்கும்.’ கம்பெனியிலிருந்து லாரி வரும்போது இன்ஜினும் இரும்புச் சட்டமும்தான் வரும். வெறும் எலும்பு. அதற்குப் பலகையும் தகரமும் அடித்து உடம்பு கொடுப்பது எங்கள் தொழில்.

எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாத்தியார், பாடி என்றால் உடம்பு என்று கரும்பலகையில் எழுதினார். அடுத்த வாரம் சம்பாடி என்றால் யாரோ ஒருவர், நோபாடி என்றால் ஒருவரும் இல்லை என்றார். “சார், யாரோ ஒருவருக்குள்ளே உடம்பு எதுக்கு சார்?” என்று கேட்டேன். “வெள்ளைக்காரனப் போய்க் கேளு” என்று மண்டையில் குட்டினார். வலித்தது. கேள்வி மட்டும் போகவில்லை.

கல்யாணமான புதிதில் என் மனைவி, “வண்ணாரப்பேட்டை போனா ரெண்டு பாடி வாங்கிட்டு வாங்க” என்றாள். ரவிக்கைக்கு உள்ளே போடுவதைச் சொன்னாள். நானும் போனேன்.

“இன்னா சைஸ் சார்?” என்றார் கடைக்காரர்.

நாள் முழுக்கப் பதினாறடிக்கு ஏழடி என்று பாடி அளவு எழுதுகிறவன் நான். வாயே திறக்கவில்லை. கடைசியில் “சின்னது” என்றேன்.

“சின்னதுன்னா எவ்ளோ சின்னது? வெக்கப்படாத சார், நானும் பொண்டாட்டி கட்னவன்தான்.”

அவர் கட்டிக்கொடுத்த பொட்டலத்தைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து, தலை குனிந்தபடி வீடு வந்து சேர்ந்தேன். இரண்டுமே அளவு சரியில்லை.

எங்கள் சந்துப் பையன்களுக்கு அந்தச் சொல் வேறு. மாதா கோயிலுக்குப் பின்னால் பழைய ரயில் சக்கரங்களை வைத்து எடை தூக்குவார்கள். ‘பாடி ஏத்தறான்’ என்று அதற்குப் பெயர். அதில் முதல் ஆள் தேவசகாயம். கட்டுமரக்காரன். கரையில் அவன் வலை இழுத்து முடித்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு, “அண்ணா, பாடி காட்டுண்ணா” என்று கேட்கும். சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் மடக்கி நிற்பான். அவன் மனைவி ஞானம்மா தூரத்திலிருந்து, “ஐய, ரொம்பத்தான்” என்பாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சிரிப்பாள்.

பித்தளைப் பில்லை

பியூன் போனதும் சவரிமுத்து கிளாஸைத் தரையில் வைத்தான். “சார், அது தேவா,” என்றான்.

ஹார்பரில் இப்படி ஒரு பழக்கம் இருந்தது. கேங்கில் ஓர் ஆள் குறைந்தால் அந்தக் கப்பலை வேறு கேங்குக்குக் கொடுத்துவிடுவார்கள். மற்றவர்கள் எல்லோருக்கும் அன்றைய கூலி போகும். அதனால் லீவு என்பதே கிடையாது. வர முடியாதவன் தன் எண் பொறித்த பித்தளைப் பில்லையைத் தெரிந்த ஒருவனிடம் கொடுத்து அனுப்புவான். கேட்டில் இருப்பவன் பில்லையைத்தான் பார்ப்பான். முகத்தைப் பார்ப்பதில்லை. மேஸ்திரிக்குத் தெரியும். கூலியில் பாதி பில்லைக்காரனுக்கு, பாதி வேலை செய்தவனுக்கு. கல்யாணம், காய்ச்சல், கோர்ட்டு எல்லாவற்றுக்கும் இப்படித்தான். யாரும் அதைத் தப்பு என்று நினைத்ததில்லை.

தேவசகாயத்தின் கட்டுமரம் பழுதாகிக் கரையில் கிடந்தது. விடியற்காலையில் சவரிமுத்து பில்லையைக் கொடுத்ததும் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு, “இன்னிக்கு ஒரு நாளு நான்தான் சவரிமுத்து. உன் வூட்டுல லூர்து அக்காவாண்ட போய் கஞ்சி கேக்கட்டா?” என்றானாம். “எம் பேர மட்டும் கெடுத்துடாதடா” என்று இவன் சிரித்தானாம்.

பள்ளியிலிருந்து வரும் வழியில் இதைச் சொல்லித்தான் என்னையும் சிரிக்க வைத்தான்.

பன்னிரண்டு மணிக்கு லூர்து வந்தாள். சவரிமுத்துவின் மனைவி. கையில் காய்கறிப் பை. மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்குப் போனவள் நேரே ஓடி வந்திருக்கிறாள். வாசலிலேயே நின்று புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீ இங்க குந்திகினு டீ குடிக்கிறியா? அங்க வூட்டாண்ட உன்ன பொணமாக்கி ஒப்பாரி வெச்சிகினு கீறாளுங்க. எதிர் வூட்டுக் கெய்வி என் கையப் புட்ச்சி வளையல ஒடைக்க வரா. சார் நீங்களாவது இவர…”

அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பில்லையைத் தேடுவதுபோல அவள் கண் அவன் சட்டைக்குப் போனது. அங்கே பில்லை இல்லை.

பையைக் கீழே போட்டாள். முருங்கைக்காய்கள் உருண்டன. நான் அவற்றைப் பொறுக்கினேன். ஏழு. அந்த நேரத்தில் எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை. பயம் வரும்போதெல்லாம் எனக்கு எண்ணத்தான் வரும்.

மேஸ்திரி சொன்ன வழி

சவரிமுத்துவும் லூர்துவும், சந்தில் ஒப்பாரி வைக்கிறவர்கள் கண்ணில் படாமல் பின்பக்கமாகப் போய், ஞானம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தார்கள். எப்படிச் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மணிக்கு எட்டியப்பன் மேஸ்திரி பட்டறைக்கு வந்தார். அந்தக் கேங்குக்குத் தலைவர். பெரிய மீசை, சின்னக் குரல். கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டு சொன்னார்.

“சவரி, நீ செத்தவன். அப்டியே இரு.”

“இன்னா மேஸ்திரி சொல்ற?”

“பில்லை உன்னுது. உள்ள போனது நீ, செத்தது நீ. நஷ்ட ஈடு அஞ்சாயிரத்துக்கு மேல சொளையா வரும். லூர்து கைல வரத ஞானம்மாக்கு அப்டியே குடுத்துடலாம். நீ எண்ணூர் பக்கம் பூடு. இல்ல, நான் உசுரோட கீறேன்னு போய் நின்னேன்னு வெச்சிக்க, தேவா பேரு எந்த ரிஜிஸ்டர்லயும் கெடையாது. அவன் உள்ளயே வர்லன்னுடுவானுங்க. ஒரு பைசா வராது. ரெண்டு கொயந்தைய வெச்சிகினு அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்?”

“பசங்க வாய் தெறக்க மாட்டாங்களா?”

“கேங்குல ஒருத்தன் பேச மாட்டான். அது எம் பொறுப்பு. கையெய்த்துதான் வோணும்.” என்னைப் பார்த்தார். “படிச்சவரு. சார் போட்டா யாரும் ரெண்டாவது வாட்டி கேக்க மாட்டான்.”

எனக்கு அதிர்ச்சியாக இருந்தது அவர் சொன்னதல்ல. அது எனக்குச் சரி என்று பட்டதுதான். ஒரு பக்கம் பொய், மறு பக்கம் இரண்டு குழந்தைகள். நானும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். விடை மேஸ்திரியின் பக்கமே வந்தது. காலையில் போட்டுவிடலாம் என்றேன்.

“ஞானம்மாக்கு?” என்று கேட்டாள் லூர்து.

“நான் சொல்லிக்கிறேன்,” என்றார் மேஸ்திரி.

சவப்பெட்டி வேண்டுமே. ராயபுரத்தில் பெட்டிக் கடை உண்டு. ஆனால் அங்கே போய்ப் பெயர் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும். நம் பட்டறையிலேயே அடித்துவிடலாம் என்று முடிவாயிற்று. தச்சர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, “அளவு?” என்றார்.

சவரிமுத்து எழுந்து நின்றான். “என்னிய அளந்துக்க. தேவா என்னவிட ரெண்டு வெரக்கடை ஒசரம்.”

தச்சர் அவன் உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை டேப்பைப் பிடித்தார். தோளுக்குத் தோள் பிடித்தார். லாரிப் பாடிக்கு அளவு எழுதும் அதே சீட்டில், அதே பென்சிலால் நான் எழுதிக்கொண்டேன். உயிரோடு நிற்கிறவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மூடி

ஐந்து மணிக்குப் பெட்டி முடிந்தது. வேங்கைப் பலகை, கறுப்பு பெயின்ட். மூடியில் சிலுவை போட்டு அதன் கீழே வெள்ளையில் பெயர் எழுதுவது அங்கே வழக்கம். லாரிகளுக்குப் பின்னால் ஊர்ப் பெயரும் சாமி பெயரும் எழுதும் ஹமீது பாய் எழுதினார். எழுத்துக்கு நாலணா அவர் கூலி. சவரிமுத்து. ஆறு எழுத்து.

சவரிமுத்து அதை நின்று பார்த்தான். “கையெய்த்து நல்லா கீது பாய்,” என்றான்.

ஐந்தரைக்கு ஞானம்மா வந்தாள். உடன் யாரும் இல்லை. கையில் மஞ்சள் பை. அதில் தேவசகாயத்தின் கல்யாணக் கோட்டு. அதைப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று கொண்டு வந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் அப்போது அழவில்லை. முற்றத்தில் இரண்டு டிரம்மின் மேல் காய்ந்துகொண்டிருந்த மூடியின் பக்கத்தில் போய் நின்றாள்.

மூன்றாம் வகுப்புவரை படித்தவள். பஸ் போர்டு படிப்பதுபோல விரலால் காட்டி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். “ச… வ… ரி…” ஈரம் விரலில் ஒட்டியது.

“இது யாரு சார்?”

நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னார். எல்லாவற்றையும், நிதானமாக, அப்பன் மகளுக்குச் சொல்வதுபோல.

அவள் கடைசிவரை கேட்டாள். “சவரி அண்ணன் எங்க போவாரு?”

“எண்ணூர் பக்கம் எங்கனா பொயச்சிப்பான்.”

“லூர்து அக்கா?”

லூர்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சரி. அவரு?”

“எவரும்மா?”

“அங்க படுத்துகினு கீறவரு. அவரு எங்க போவாரு?”

“பாடி நாளைக்கே வந்துடும்மா. பூசை வெச்சி, நல்லபடியா அடக்கம்…”

“அத்தக் கேக்கல அண்ணே. அவரு பேரு எங்க போவும்னு கேட்டேன்.”

மேஸ்திரி மீசையைத் தடவினார். “பேரு இன்னாம்மா பேரு. அஞ்சாயிரம்மா. உம் புள்ளைங்களுக்கு.”

“எம் புள்ளைங்களுக்குத்தான் அண்ணே. கல்லறைத் திருநாளுக்கு அதுங்க எந்தச் சிலுவையாண்ட போய் மெய்வத்தி ஏத்தும்? எங்க தெருவுல கேப்பாங்க, தேவா எங்கன்னு. நான் இன்னா சொல்றது? செத்துட்டாருன்னா பொய்யி. இருக்காருன்னாலும் பொய்யி. நாலு மாசம் போனா ஒருத்தன் சொல்லுவான், பொண்டாட்டிய வுட்டுட்டு ஓடிப்பூட்டான்னு. அத்தக் கேட்டுகினு அதுங்க வளரணுமா?”

“துட்டு இல்லாம எப்டி வளரும்? அத்தச் சொல்லு.”

“தெரியாது. இப்பத் தெரியாது.” கோட்டை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். “ஆனா அவரு ஓடல. வேலைக்குப் போனாரு.”

பட்டறையில் ரம்பம் நின்றுவிட்டது. சுத்தியல் நின்றுவிட்டது. மொத்தம் பதினோரு பேர் இருந்தோம்.

சவரிமுத்துதான் மூடியின் பக்கம் வந்தான். “பாய், அழிங்க.”

“டேய், உன் வேலை,” என்றார் மேஸ்திரி.

“பூட்டும்.”

“என் வேலையும்டா.”

“தெரியும் மேஸ்திரி.”

மேஸ்திரி அவனையே பார்த்தார். பிறகு தோள் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டு, நெடுஞ்சாலைப் பக்கம் நடந்து போனார்.

ஹமீது பாய் கிருஷ்ணாயிலில் துணியை நனைத்தார். “இப்ப இன்னா பேரு எழுதணும்?”

“தேவசகாயம்,” என்றாள் ஞானம்மா.

அவர் விரல் விட்டு எண்ணினார். அதுவும் ஆறு எழுத்து. முதலாளி ஒவ்வொரு எழுத்துக்கும் கணக்குக் கேட்கிறவர் என்பது அவருக்குத் தெரியும். எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் கேட்டார்: “ரெண்டாவது எழுத்து ரெண்டு பேருக்கும் ‘வ’தான் தாயி. அத்த அப்டியே வுட்டுடட்டா? நாலணா மிச்சம்.”

ஞானம்மா அந்த ‘வ’வைப் பார்த்தாள்.

“அதையும் அழிங்க பாய். அது அவருக்கு எழுதுனது இல்ல.”

மறுநாள்

காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் நின்றோம். உள்ளிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, “எந்த பாடி? நேத்து மூணு பாடி வந்துச்சு,” என்று கேட்டார். யாரையும் நோகடிக்கக் கேட்கவில்லை. அவருக்கு அது வேலை. எங்கள் பட்டறையில் நாங்கள் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

நான்தான் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். பிள்ளைகள் சுற்றி நின்று ‘பாடி காட்டுண்ணா’ என்று கேட்டவன் முந்தின நாள் காலை ஏழு மணிக்கு வேறொருவன் பெயரோடு கேட்டுக்குள் போனான். பதினொன்றே காலுக்கு அந்தப் பெயரும் போய், வெறும் பாடி ஆகிவிட்டான். நாலேகால் மணி நேரம்தான்.

“தேவசகாயம்,” என்றாள் ஞானம்மா. “அவரக் கூட்டிகினு போவ வந்தோம்.”

அன்றும் சரி, பின்னாலும் சரி, அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

அவளோடு நானும் அந்தப் பெயருக்கே அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அதே நேரம் சவரிமுத்து காண்ட்ராக்ட் ஆபீசில் போய் நின்றான். தான்தான் சவரிமுத்து என்றும், செத்தவன் தேவசகாயம் என்றும் சொன்னான். அங்கிருந்தவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரில் ஒருவரும் உள்ளே வரவில்லையே என்றாராம். நோபாடி என்று எங்கள் வாத்தியார் எழுதிப்போட்டது எனக்கு ஞாபகம் வந்தது. மேஸ்திரி சொன்னபடியே நடந்தது. ஒரு பைசா வரவில்லை. சவரிமுத்துவின் வேலை அன்றே போயிற்று. மேஸ்திரியின் வேலை அந்த மாதக் கடைசியில்.

ஞானம்மா காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனாள். பனிக்கட்டியில் நாள் முழுக்கக் கை வைத்து, விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறியிருக்கும். கஷ்டப்படவில்லை என்று நான் எழுதினால் அது பொய். மூத்தவனுக்குப் படிப்பு பாதியில் நின்றது. அவள் செய்தது சரியா என்று இந்த வயதிலும் எனக்குத் தூக்கம் வராத போதெல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். ஒரு தடவைகூட ஒரே விடை வந்ததில்லை.

ஆனால் கல்லறைத் திருநாள்தோறும் ராயபுரத்துக் கல்லறைத் தோட்டத்துக்கு நான் போவதுண்டு. நான் அந்த மதம் இல்லை. இருந்தாலும் போவேன். அவள் இரண்டு பிள்ளைகளோடு அந்தச் சிலுவையின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். பின்னால் சற்றுத் தள்ளி சவரிமுத்து நிற்பான். ஒரு வருஷம் காற்றில் அணைந்த மெழுகுவத்தியைச் சின்னவன் திரும்ப ஏற்றிவிட்டு, யாரும் கேட்காமலே, சிலுவையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

சவரிமுத்துவை எங்கள் பட்டறையிலேயே சேர்த்துவிட்டேன். தொழிலை நன்றாகக் கற்றுக்கொண்டான். லாரிக்காரர்கள் வந்து, “பாடி எப்ப ரெடி?” என்று கேட்டால் மட்டும் அவன் பதில் சொல்ல மாட்டான். என் மேசைப் பக்கம் கை காட்டுவான்.

பெட்டிச் செலவு யார் பேரில் என்று அந்த வாரக் கடைசியில் முதலாளி கேட்டார். ஞானம்மாவிடம் கேட்க முடியாது. சவரிமுத்துவிடம் அப்போது பணம் இல்லை. என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். மூன்று மாதம் பிடித்தார். வேங்கைப் பலகை இருபத்தெட்டு ரூபாய், ஆணியும் கைப்பிடியும் நாலரை, தச்சுக்கூலி ஆறு, பெயர் எழுதிய கூலி முதல் தரம் ஒன்றரை, இரண்டாம் தரம் ஒன்றரை.

அந்த ‘வ’வையும் சேர்த்து, நாற்பத்தொன்றரை ரூபாய்.